தூங்கா நகரமும் மதியம் கண்ணயரும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். விடிவதற்கு முன்பே மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை குவிந்துவிடும். நள்ளிரவு தாண்டியும் எங்காவது ஒரு தோசைக்கல் சூடாக இருக்கும். ஆனாலும் இந்த ஊர் நாள்தோறும் ஒரு பொழுது கண்ணயர்கிறது. பகல் பன்னிரண்டரை வாக்கில் மீனாட்சியம்மன் கோயிலில் நடை சாத்தினால், மறுபடி திறக்க மாலை நான்கு ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளோடு இரண்டு நாள் பயணமாக மதுரைக்கு வரும் குடும்பங்களுக்கு இந்த மூன்றரை மணி நேரம் பெரிய இடைஞ்சலாகத் தெரிகிறது. அதற்குள் இன்னும் இரண்டு இடங்களைச் செருகிவிடத்தான் பலரும் பார்க்கிறார்கள். என்னுடைய எண்ணம் இதற்கு நேர்மாறானது. அந்த இடைவெளியைச் சுற்றித்தான் பயணத்தையே கட்ட வேண்டும். காலையில் சுறுசுறுப்பு, நண்பகலில் அயர்வு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி துள்ளல் என்பதுதான் நான்கு வயதுக் குழந்தையின் நாள். இந்த ஊரின் நாளும் அதுவே. இரண்டும் பொருந்தி வருவதைப் பார்க்க விடாமல் தடுக்கும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எல்லாவற்றையும் பார்க்காமல் போவதா?"

இந்தக் கேள்விக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: பயணத்தின் மதிப்பு, பார்த்த இடங்களின் எண்ணிக்கை. அந்தக் கணக்குப்படிதான் முதல் நாள் மதுரை, மறுநாள் கொடைக்கானல் அல்லது இராமேஸ்வரம் என்று திட்டம் விரிகிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர், அதில் பாதி மலைப்பாதை. இராமேஸ்வரம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். போக, வர என்று நாளின் பெரும்பகுதி வண்டிக்குள்ளேயே கழியும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் அவர்களே. தூக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு வெளியிட்ட பரிந்துரை. இது வீட்டுக்கு மட்டும் உரிய அளவு என்று நினைக்கக் கூடாது. வெளியூரிலும் உடல் அதையேதான் கேட்கும். மாலை ஆறு மணிக்குக் கோயில் வாசலில் பிள்ளை தரையில் உருண்டு அழுதால், அது பிடிவாதம் என்பதைவிட மதியம் தவறிய தூக்கம் என்பதே பெரும்பாலும் சரி. "எங்களுக்குக் கிடைப்பதே வருடத்தில் இரண்டு நாள் விடுப்பு, செலவோ அதிகம்" என்ற மறுப்பு நியாயமானதுதான். விடுப்பு அரிதாகக் கிடைக்கிறது என்பதாலேயே அதை வண்டியில் தொலைக்கக் கூடாது. காலைக்கு ஓர் இடம், மாலைக்கு ஓர் இடம், நடுவில் அறையில் உறக்கம்: இரண்டு நாளில் நான்கு இடங்கள். சின்னக் கால்களுக்கு இது போதும். ரயிலில் வந்தால் நிலையத்திலிருந்து கோயில் ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். அந்தப் பக்கம் அறை எடுத்தால் மதியம் திரும்பி வருவது எளிது. ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ரயிலில் தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட்டே தேவையில்லை என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை 2: "கோயிலை விட்டால் அங்கே குழந்தைக்கு என்ன இருக்கிறது?"

முதலில் கோயிலையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு அது வரிசையும் தரிசனமும். குழந்தைக்கோ அது பொற்றாமரைக் குளத்தின் படிகள், வாய் பிளந்த யாளிகள், ஒரு காலத்தில் கிளிகளை வளர்த்த கிளிக்கூட்டு மண்டபம், பதினான்கு கோபுரங்களிலும் எண்ணி முடியாத வண்ணச் சுதை உருவங்கள். காலை ஏழு மணிக்குள் போனால் கல் தரை குளிர்ந்திருக்கும். பதினொரு மணிக்குப் போனால் வெறுங்காலோடு ஆடி வீதியைக் கடப்பதே தண்டனையாகிவிடும். ஒன்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை வந்தது. உள்ளே யாராவது பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லை. ஆகவே நுழையும்போதே முக்குறுணி விநாயகர் சன்னதி போல எல்லோருக்கும் தெரிகிற ஓரிடத்தைச் சேருமிடமாகப் பேசி வைத்துக்கொண்டு, பெற்றோர் பெயர் எழுதிய சீட்டைப் பிள்ளையின் பையில் போட்டுவிடலாம். அந்த விநாயகர் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்தவர் என்று சொல்வார்கள். காலையில் அவரைப் பார்த்த பிள்ளையை மாலையில் திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய அந்தக் குளத்தங்கரைக்கே அழைத்துப் போனால், இரண்டு இடங்களும் ஒரே கதையாகிவிடும். (படிக்கட்டில் பிள்ளையின் கையை மட்டும் விடக்கூடாது.) கோயிலுக்கு வெளியிலும் பஞ்சமில்லை. நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. கீழடி ஆய்வாளர்களுக்கான ஊர், பிள்ளைகளுக்குப் புரியாது என்பார்கள். ஆனால் அகழாய்வில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பகடையும் வட்டச் சில்லும் ஆட்டக்காய்களும் அங்கே இருக்கின்றன. கார்பன் காலக்கணிப்பு ஐந்து வயதுக்குப் புரியாமல் போகலாம். தன்னைப் போல ஒரு பிள்ளை அந்தச் சில்லை எறிந்து விளையாடியது புரியாமல் போகாது. 2023 ஜூலை 15-இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. மதியம் தூங்காத பெரிய பிள்ளைக்கு வெயிலிலிருந்து ஒதுங்க அதைவிட நல்ல நிழல் இல்லை. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தில் காந்தியின் இரத்தம் படிந்த ஆடை இருக்கிறது. அதை ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பொறுமையாகச் சொல்லிக் காட்டலாம். அதற்கும் சிறியவர்களுக்குப் பக்கத்திலேயே இராஜாஜி சிறுவர் பூங்கா.

நம்பிக்கை 3: "கோடை விடுமுறைதான் வசதி; சித்திரைத் திருவிழாவைக் காட்டாமல் மதுரையைக் காட்டியதாகுமா?"

ஏப்ரல், மே மாதங்களில் மதுரைச் சமவெளியில் 38, 39 டிகிரி வெயில் சாதாரணம். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் வெளிச்சூடு உடலுக்குள் வேகமாக ஏறும். தாகத்தை நேரத்தில் சொல்லவும் அதற்குத் தெரியாது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதே ஊர் வேறு ஊராக இருக்கும்; அரையாண்டு விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. பொங்கல் விடுமுறையில் வருவோர், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்த நாள்களில் ஜல்லிக்கட்டு நடக்கும் பக்கம் கைக்குழந்தையோடு போகாமல் இருப்பது நல்லது. சித்திரைத் திருவிழாவைப் பற்றித்தான் உணர்வுபூர்வமான மறுப்பு எழும்: நம் பண்பாட்டைப் பிள்ளைகள் பார்த்து வளர வேண்டாமா? வேண்டும். ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையில் கூடுவது பல இலட்சம் பேர்; 2022 ஏப்ரலில் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள். இடுப்புயரப் பிள்ளை அங்கே பார்ப்பது அழகரை அல்ல, முன்னால் நிற்பவர்களின் முதுகை. நல்லவேளையாக, மதுரை தன் திருவிழாக்களை ஒரே மாதத்தில் அடைத்து வைக்கவில்லை. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிய வீதிகளுக்கே மாதங்களின் பெயரால் பெயர் வைத்த ஊர் இது. ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த கதை நடத்திக் காட்டப்படுகிறது. தைப்பூசத்தில் தெப்பக்குளத்தில் தெப்பம் மிதக்கிறது. அந்நாள்களிலும் கூட்டம் உண்டு. ஆனால் முன்கூட்டியே போய் ஓரமாக இடம் பிடிக்கவும், பிள்ளை சோர்ந்தால் விலகி நடந்துவிடவும் முடியும். பத்து வயதுக்கு மேல் சித்திரைக்கு அழைத்து வாருங்கள். பண்பாடு அதுவரை காத்திருக்கும்.

நம்பிக்கை 4: "வெளியூர்ச் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது."

இது பாதி உண்மை. ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் தண்ணீரும் ஐஸும் வெட்டி வைத்த பழமும் வெயிலில் நெடுநேரம் நின்ற சட்னியும்தான். ஆவி பறக்க இறக்கிய இட்லியைவிடப் பாதுகாப்பான உணவு ஒரு குழந்தைக்குக் கிடைப்பது அரிது. மதுரையில் அதற்கு அதிகாலையிலும் இரவிலும் குறைவில்லை. ஜிகர்தண்டாவைச் சுத்தமான கடையில், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு வாய் மட்டும் கொடுக்கலாம். வீட்டிலிருந்து மூன்று வேளைக்கும் கட்டி வந்த சோறு மதிய வெயிலில் காரின் பின்னிருக்கையில் கெடுவதுதான் கவனிக்க வேண்டிய அபாயம். காய்ச்சி ஆறிய தண்ணீரும் இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்ஸும் பையில் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

நம்பிக்கை 5: "சின்னப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?"

எல்லாவற்றிலும் வலுவான வாதம் இதுதான். ஓரளவு அறிவியலும் இதன் பக்கம் நிற்கிறது. மூன்று வயதுக்கு முன் நடந்தது வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. ஆனால் அந்த வயதில் நினைவே பதிவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பாவரும் மரினா லார்கினாவும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதில் நடந்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நினைவிருந்தன. எட்டு, ஒன்பது வயதில்தான் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. நினைவு இருந்து, பிறகு கரைகிறது. கரையாமல் தாங்கிப் பிடிப்பதில் பெற்றோரின் பேச்சுக்குப் பெரும் பங்குண்டு என்பதை ராபின் ஃபைவுஷ், எலெய்ன் ரீஸ் போன்றோரின் நெடுநாள் ஆய்வுகள் காட்டுகின்றன. நடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதோடு தாமும் சேர்த்துச் சொல்லிக் கதையாக வளர்க்கும் தாய்மாரின் பிள்ளைகள் கூடுதல் விவரத்தோடு நினைவுகூர்கிறார்கள். இடங்களின் எண்ணிக்கைக் கணக்கு இங்கேதான் முழுவதுமாக உடைகிறது. ஒரே நாளில் ஒன்பது இடங்களைக் கடந்த பிள்ளையிடம் பேசிப் பார்க்க ஒரு கதையும் தேறாது. நான்கே இடங்களில் நின்று நிதானித்த பிள்ளையிடம் நான்கு கதைகள் இருக்கும். அதனால் ஊர் திரும்பும் ரயிலில், "என்னென்ன பார்த்தோம், வரிசையாகச் சொல்லு" என்று பாடம் ஒப்பிக்க வைக்காதீர்கள். "அந்தக் கிளிக்கூட்டில் இருந்த கிளியெல்லாம் எங்கே போயிருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வளர வளர, மதுரையும் பிள்ளைக்குள் வளரும்.