வீட்டுக்கு ஒருவர்

அன்பு மகனுக்கு, பெரியம்மா எழுதுவது.

போன ஞாயிறு சாப்பிடும்போது, சிப்காட்டில் உன்னோடு ஷிப்ட் பார்க்கும் பெடியன் கேட்டதைச் சொன்னாய். "உங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தரைச் சண்டைக்கு அனுப்பினீங்களாமே, செம கெத்துடா." உனக்குப் பெருமையாக இருந்ததாம். உன் அம்மா பாதிச் சோற்றில் எழுந்து போனாள். குழம்பு உறைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டாய்.

விரும்பிப் போனவர்கள் இல்லையென்று நான் பொய் சொல்ல மாட்டேன். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஒருவரும் கூப்பிடாமலே போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஷெல் விழுந்த வீட்டுப் பிள்ளைக்கு யாரும் வந்து பிரசங்கம் செய்யத் தேவையில்லை. ஆனால் போனதும் பிடிபட்டதும் ஒன்றல்ல, மகன்.

பிடித்தது விடுதலைப் புலிகள் மட்டுமில்லை. 1989இல் இந்திய அமைதிப்படை திரும்பப்போகிறது என்றானதும், ஈ.பி.ஆர்.எல்.எஃப். என்ற தமிழ்க் குழு முன்னின்று 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று ஒன்றைக் கட்டியது. ரோட்டில் போன பெடியன்களை வாகனத்தில் அள்ளிப் போட்டார்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படை கப்பலேறிவிட்டது. அந்தப் பெடியன்கள் பலருக்கு ஏறக் கப்பல் இல்லை.

2006இல் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்பதைப் புலிகள் கட்டாயமாக்கினார்கள். உன் அம்மாவுக்கு அப்போது 17. பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். இயக்கம் பிடித்த பெண் பிள்ளைகளுக்கு முடியைக் கட்டையாகக் கத்தரித்துவிடுவார்கள். தப்பி வந்தாலும் தலையே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வாகனச் சத்தம் கேட்டால் குசினிக்குப் பின்னால் வெட்டியிருந்த குழிக்குள் அவளை இறக்கி, மேலே தகரம் போட்டு, அதன்மேல் விறகை அடுக்குவேன். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்பாள்.

கல்யாணம் கட்டினவர்களை அப்போது விட்டுவைத்தார்கள். அதனால்தான் உன் அப்பா. அவருக்கு 20 வயது, அவருக்கும் அதே பயம். ஒரு பின்னேரம், மேளம் இல்லாமல், மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டித் தாலி. கல்யாணப் படம் ஏன் இல்லையென்று சின்னதில் கேட்பாயே, எடுக்க யார் இருந்தது? பிறகு மன்னார்க் கரையிலிருந்து படகு, தனுஷ்கோடி மணல், மண்டபம், கடைசியில் கும்மிடிப்பூண்டி முகாம். 2008இல் நீ இங்கே பிறந்தாய். அதே வருஷம் அங்கே வீட்டுக்கு ஒருவர் என்பது இரண்டு, மூன்று என்று ஏறியது. தாலியும் காவலாக இல்லாமல் போனது.

2003 முதல் 2008 முடிய, புலிகள் சேர்த்ததாக யுனிசெஃப் பதிந்த சிறுவர்கள் மட்டும் 6,000 பேருக்கு மேல். கிழக்கில் பிரிந்த கருணா அணியும் பிள்ளைகளைக் கடத்தியது. 2002 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.நா. நெறிமுறையின்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை எந்த அரசும் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. ஆயுதக் குழுக்களோ, பிள்ளை தானாக வந்து நின்றாலும் சேர்க்கக் கூடாது. அந்தத் தாளை எங்கள் ஊருக்கு யாரும் கொண்டுவந்து வாசிக்கவில்லை.

போன மாதம் உனக்கு 18 ஆனது. முகாமில் தணிக்கைக்கு வரிசையில் நின்றபோது உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டாய். பக்கத்தில் நின்ற உன் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வெறும் வருகைப் பதிவுதான் என்று அவளுக்கும் தெரியும். பட்டியலில் பிள்ளையின் பெயரை ஒருவர் சத்தமாக வாசித்தால் அவளுக்கு இன்னும் அப்படித்தான்.

உன்னை எந்தப் பட்டாளமும் கூப்பிடப் போவதில்லை. இந்திய ராணுவத்தில் சேர்வது விருப்பத்தின்பேரில்தான், 2022இல் வந்த அக்னிபாத்தும் அப்படியே. அதற்கும் குடியுரிமை வேண்டும். தாய் தகப்பன் இருவரும் இலங்கையர் என்பதால் இங்கே பிறந்தும் நீ இந்தியன் இல்லை. அது வேறு வழக்கு. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அந்தப் பெடியனோடு சண்டைக்குப் போகாதே, அவன் கேள்விப்பட்டதைத்தான் சொன்னான். அனுப்பவில்லை, பிடித்தார்கள் என்று மட்டும் சொல். அம்மாவிடம் அந்தக் குழியைப் பற்றிக் கேள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதே.

பெரியம்மா