விரலுக்கும் காதுக்கும் நடுவே

வீட்டிலேயே கீபோர்டைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் நம்மில் உண்டு. "புளூடூத் ஹெட்போன் இருக்கே, ஒயர் எதுக்கு?" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். சாதாரண புளூடூத்தில் தாமதம் 200 மில்லிசெகண்ட் வரை வரும். அதாவது 68 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பது போல! நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். கால் பீட் 125. தாளம் எப்படி நிற்கும்?

குற்றம் ரேடியோ அலையுடையது அல்ல. அது ஒளி வேகத்தில் வந்துவிடும். ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து, சுருக்கி அனுப்பி, விட்டுப்போன துண்டு மறுபடி வரட்டும் என்று ஹெட்போன் கொஞ்சம் சேமித்து வைக்கிறதே, அங்கேதான் நேரம் போகிறது. யு.எஸ்.பி.யில் செருகும் தனி டிரான்ஸ்மிட்டரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்போன்களில் இந்தச் சேமிப்பு குறைவு. சிலவற்றில் 20 முதல் 40 மில்லிசெகண்ட்தான். அதோடு கம்ப்யூட்டர் பஃபரையும் கூட்டணும்: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிளுக்கு 5.3 மில்லிசெகண்ட். மெதுவான ஸ்டிரிங்ஸ் வாசிக்க இது பரவாயில்லை. டிரம் பேடு தட்ட ஒயர்தான். (புளூடூத் ஹெட்போனின் மைக்கிலேயே பாடிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மைக்கைத் திறந்ததும் பெரும்பாலும் டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும்.)

பதிவு முடிந்த பாட்டைப் போட்டுக் கேட்க மட்டும் புளூடூத் தாராளமாகப் போதும். அப்போது எல்லாமே சேர்ந்தே தாமதமாக வருவதால் தாளம் கெடாது.