எங்கள் வண்டியின் தளமும் துருப்பிடித்தல் பாடமும்



துருப்பிடிக்கக் காற்றும் நீரும் தேவை என்று அறிவியல் பாடத்தில் படித்துள்ளோம். அதை நான் மூன்று சோதனைக் குழாய்களில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் பிக்கப் வண்டியிலும் படித்தேன்.

அப்பா தூத்துக்குடியில் மீன் லோடு அடிக்கிறார். பெட்டியில் உள்ள ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தளத்தில் ஒழுகும். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி மாற்றம் என்பதால், உப்பு நீரில் அது வேகமாக நடக்கும்.

சாயங்காலம் வண்டியைக் கழுவுவது என் வேலை. நான் மேலாக நாலு வாளி ஊற்றிவிட்டு விளையாடப் போய்விடுவேன். ரப்பர் பாயைத் தூக்கிக் கழுவியதே இல்லை. ஒருநாள் லோடு இறக்கும் அண்ணனின் கால், பாயோடு சேர்ந்து தளத்துக்குள் இறங்கிவிட்டது! நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதலில் அப்பா, "ஓட்டை மேல ஒரு தகடு வச்சுப் பத்த வச்சிருங்க அண்ணாச்சி" என்றார். வெல்டிங் அண்ணாச்சி, "துரு மேல ஒட்டுப் போட்டா புண்ணைக் கழுவாம கட்டுப் போட்ட மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல தண்ணி நிக்கும்லா" என்றார்.

சோதிப்பது எப்படி?
தளத்தைக் கழுவிக் காயவிட்டு, சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். அரித்த இடம் 'டப்' என்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். பெயிண்ட் கொப்பளித்திருந்தால் அடியில் துரு உண்டு. ஏனெனில் துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும்.

முடிவு எடுப்பது எப்படி?
1. மேல் துரு மட்டும்: கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமரும் பெயிண்டும் அடித்தால் போதும்.
2. ஓரிரு ஓட்டை: நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.
3. பல ஓட்டைகள், அடியில் உள்ள குறுக்குச் சட்டமும் அரிப்பு: தளத்தையே மாற்ற வேண்டும்.

எங்களுடையது மூன்றாவது வகை.

ஒரு கணக்கு
தளம் 8 அடிக்கு 5 அடி, அதாவது 3.72 சதுர மீட்டர். இரும்பின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7850 கிலோ. 3 மி.மீ. தகடு என்றால் 3.72 × 0.003 × 7850 = சுமார் 88 கிலோ. 2 மி.மீ. என்றால் சுமார் 58 கிலோ. மெல்லிய தகடு போட்டால் 30 கிலோ மிச்சம். ஆனால் மீன் பெட்டிகளை இழுத்து இழுத்துத் தேயும் என்பதால் 3 மி.மீ. போட்டோம்.

வேலை நடந்த விதம்
முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். தளத்துக்கு அடியில் வயர், பிரேக் குழாய், டீசல் டேங்க் எல்லாம் இருப்பதால் தீப்பொறி படாமல் மறைத்தார். பக்கத்தில் மணல் வாளி வைத்தார். பழைய தகட்டை வெட்டி எடுத்து, அரித்த குறுக்குச் சட்டம் ஒன்றை மாற்றினார். பற்றவைக்கும் இடம் தவிர, புதுத் தகட்டின் அடிப்பக்கத்துக்கும் ரெட் ஆக்சைடு அடித்தார். மாட்டிய பிறகு அங்கே அடிக்க முடியாதே! அதன் சிவப்பு நிறமும் ஒரு இரும்பு ஆக்சைடுதான் என்பது வேடிக்கை.

ஒரே மூச்சில் பற்றவைக்காமல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று விட்டு விட்டு வைத்தார். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு விரிந்து நெளிந்துவிடும். வெல்டிங் ஒளியில் புற ஊதாக் கதிர் இருப்பதால் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கடைசியில் மூலைகளில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, இணைப்புகளை அடைத்து, பெயிண்ட் அடித்தார்.

நான்கு நாள் வண்டி ஓடவில்லை; நான்கு நாள் வருமானமும் இல்லை. இப்போது தினமும் பாயைத் தூக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, பின்கதவைத் திறந்து காயவிடுகிறேன். அதற்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சைக்கிள் மட்கார்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். துரு மேலே தெரிவதற்கு முன்பே அடியில் தொடங்கிவிடும்!



– 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்