28 நாளுக்கு ஓர் ஊசி

தொண்டை வலி வராத மாணவர் உண்டா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு மறுநாள் பள்ளிக்குப் போய்விடுவோம். பெரும்பாலும் அத்தோடு சரி. ஆனால் சில சமயம் அந்த வலிக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கும். அதை எதிர்க்க உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவின் புரதங்களில் சில, நம் இதயத் திசுவின் புரதங்களைப் போலவே அமைந்தவை. எனவே பகைவனைத் தாக்கப் புறப்பட்ட எதிர்ப்பொருள்கள், ஆள் மாறாட்டத்தால் நம் இதய வால்வுகளையே தாக்கிவிடுவதுண்டு. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். இதனால் வரும் மூட்டு வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். வால்வில் விழுந்த தழும்பு மறையாமல் போகலாம். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் வால்வு சரியாக மூடாமலோ திறவாமலோ போய், இளம் வயதிலேயே அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய்விடும்.

இந்நோய் இந்தியாவிலும் உண்டு. ஆனால் உலகிலேயே இது மிக அதிகமாகக் காணப்படும் மக்களுள் ஒரு பிரிவினர், செல்வம் கொழிக்கும் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அந்நாட்டின் மற்ற மக்களிடம் இது அநேகமாக மறைந்துவிட்டது. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாழும் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளை மட்டும் விடவில்லை.

தடுக்கும் மருந்து பழையது, விலை மலிவானது. காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு பென்சாதின் பென்சிலின் என்னும் ஊசியைத் தசையில் போடுவார்கள். அது அங்கேயே தங்கி, மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும். ஏறத்தாழ நான்கு வாரங்களில் அதன் வலு குறைந்துவிடுவதால் 28 நாளுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 13 ஊசிகள், பத்தாண்டுகளுக்கு 130! ஊசியோ நன்றாக வலிக்கும். போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கோ அன்று உடம்பில் ஒரு குறையும் தெரியாது. நீங்களாக இருந்தால் 130 முறை போவீர்களா?

நம்பிக்கை உள்ள இடமானால் ஒருவேளை போவீர்கள். பூர்வகுடி மக்களுக்கோ மருத்துவமனை என்றாலே அச்சம். 1960-களில்கூடச் சில ஊர்களில் அவர்களுக்குத் தனி வார்டுதான். அவர்களுடைய குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அதிகாரிகள் பிரித்துக்கொண்டு போகும் வழக்கம் ஏறத்தாழ 1970 வரை இருந்தது; பிறந்த மருத்துவமனையிலிருந்தே பிரிக்கப்பட்ட சிசுக்களும் உண்டு. காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் அங்கே துணிந்து போவாள்?

1971-ஆம் ஆண்டில் சிட்னி நகரின் ரெட்பெர்ன் பகுதியில், ஒரு கடை அறையில் சிறு மருத்துவ நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. கார்டன் பிரிஸ்கோ, ஷர்லி ஸ்மித் முதலிய பூர்வகுடி மக்களும், பிரெட் ஹாலோஸ் என்ற கண் மருத்துவரும் இதற்காக முன்நின்றவர்கள். தொடக்கத்தில் டாக்டர்கள் ஊதியமின்றி வேலை செய்தார்கள். அதனால் இதைத் தர்ம ஆஸ்பத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகம் பூர்வகுடி மக்கள் கையில் இருந்தது. யாரை வேலைக்கு வைப்பது, பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதெல்லாம் அவர்களுடைய முடிவு. அங்கே டாக்டர் ஊழியர். நோயாளிதான் முதலாளி என்றுகூடச் சொல்லலாம்!

1973-ல் மெல்போர்னிலும், பாலைவன நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் இத்தகைய அமைப்புகள் தோன்றின. தங்கள் நலப்பணியைத் திட்டமிடுவதில் பங்கு கொள்வது மக்களின் உரிமை என்று அல்மா அட்டா மாநாடு உலகுக்கு அறிவித்தது 1978-ல்தான். ரெட்பெர்ன் அதற்கு ஏழாண்டு மூத்தது. இன்று நாடெங்கும் 140-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இம்முறையில் நடக்கின்றன.

ஊசிக்கு வருவோம். இந்நிலையங்களில் நர்சுகளோடு பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்களும் உண்டு. தவணை நாளில் பையன் வரவில்லையா? அவன் எந்தப் பாட்டி வீட்டில் இருப்பான் என்று அவ்வூர்ப் பணியாளருக்குத் தெரியும். வண்டி எடுத்துக்கொண்டு போய், அவன் மொழியிலேயே பேசி, ஊசியைப் போட்டுவிட்டு வரலாம். கணிப்பொறிப் பட்டியல் தவணையை நினைவூட்டும். பாட்டி வீட்டுக்கு வழி சொல்லாது.

ஆயினும் இன்றும் பலர் தவணை தவறுகிறார்கள். புதிய நோயாளிகளும் வந்தவண்ணம் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் பலர் நெருங்கிப் படுத்து உறங்கும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எளிதில் பரவுகிறது. குளிக்கவும் துணி துவைக்கவும் வசதி இல்லாதபோது சிரங்கு வழியாகவும் பரவுகிறது. அதனால் இந்நிலையங்களை நடத்துவோர் பென்சிலினோடு நிற்பதில்லை. வீடு, தண்ணீர்க் குழாய், துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றையும் மருந்துப் பட்டியலில் சேர்த்தே அரசிடம் கேட்கிறார்கள்.