நிகழ்படப் பதிவில் ஃபில்டரும் ஹூடும்

நாட்டார் பாடல்களைத் தொகுக்கச் செல்லும் நம் மாணவர் இன்று வீடியோ கேமராவையும் உடன் கொண்டு செல்கின்றனர். ஜீயபுரத்துக் காவிரிக் கரையில் ஒரு மூதாட்டி நடவுப் பாட்டுப் பாடுகிறார் எனக் கொள்வோம். மாலை நேரம், கேமரா மேற்கே முக்கொம்பை நோக்கியிருக்கிறது, காற்றில் மணல் பறக்கிறது.

இங்கு லென்சுக்குக் காப்பு இரண்டு. ஃபில்டர், கண்ணுக்கு இமை போன்றது, மணலைத் தடுக்கும். ஹூட், வெயிலில் நாம் நெற்றிமேல் வைக்கும் கை போன்றது, பக்கவொளியைத் தடுக்கும்.

இமை இருக்கக் கை எதற்கு எனலாமோ? பூச்சற்ற கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பிவிடும். ஃபில்டருக்குப் பரப்புகள் இரண்டு. பக்கவொளி பட்டால் படம் வெளிறும், ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஆகவே ஃபில்டர் இட்ட லென்சுக்கே ஹூட் மிகுதியும் வேண்டும்.

திருகிப் பொருத்தும் ஹூட் ஆயின் முதலில் ஃபில்டரையும் அதன்மேல் ஹூடையும் பொருத்துக. ஃபில்டர் விளிம்பின் தடிப்பு ஹூடைச் சற்று முன்தள்ளுவதால் அகன்ற காட்சியில் மூலைகள் இருளக்கூடும். ஜூமை முழு அகலத்தில் வைத்து, வெண்சுவரொன்றைப் பதிவு செய்து, நான்கு மூலைகளையும் முன்னரே நோக்குக. கதிரவன் காட்சிக்குள்ளேயே நின்றால் ஹூட் பயன்படாது. காற்று அடங்கியிருப்பின் ஃபில்டரைக் கழற்றிவிடுக.

பழுதான படத்தை நாம் பிறகு திருத்த முயலலாம். அம்மூதாட்டியின் அன்றைய குரலையும் முகத்தையும் மீண்டும் பெறுதல் அரிது.