பதினைந்து எண்களுக்கு ஒரு பென்சில் போதும்

புகைமூட்டம் வந்துவிட்டால் கிள்ளான்வாசிகள் காலையில் முதலில் தேடுவது ஐபியு எனும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைத்தான். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அது 500-ஐத் தாண்டியதால் 11ஆம் தேதி அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. சுற்றுச்சூழல் துறை வெளியிடும் இந்த அளவைத் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வாருங்கள். படிவம் ஒன்று கணிதத்தில் வரும் தண்டு-இலை வரைபடத்தைப் பழக இது நல்ல சரக்கு.

பயிற்சிக்காக நான் எழுதிக்கொண்ட 15 எண்கள்: 58, 62, 55, 71, 68, 64, 77, 83, 69, 104, 152, 66, 61, 73, 59.

முதலில் கட்டம் போட்ட நோட்டில் நெடுக ஒரு கோடு இழுங்கள். கடைசி இலக்கம் இலை. அதற்கு முன்னால் இருப்பது தண்டு. இலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக, கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்:

5 | 5 8 9
6 | 1 2 4 6 8 9
7 | 1 3 7
8 | 3
9 |
10 | 4
11 |
12 |
13 |
14 |
15 | 2

இலை இல்லாத தண்டுகளைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். விடவே கூடாது. 104-க்கும் 152-க்கும் நடுவில் உள்ள அந்த வெற்றிடம்தான் 152 எவ்வளவு தனித்து நிற்கிறது என்று காட்டுகிறது.

அடுத்து, மேலிருந்து எட்டாவது இலைக்கு எண்ணுங்கள்: 68. இதுதான் நடு எண். சராசரியோ 74.8. பதினைந்தில் பதினொரு நாள்கள் அதற்குக் கீழே இருக்கின்றன. ஒரு 152 வந்து சராசரியை மேலே இழுத்துவிட்டது. 75 என்று மட்டும் சொன்னால் மோசமான அந்த நாள் மறைந்துபோகும். தண்டு-இலை வரைபடத்திலோ ஓர் எண்கூடத் தொலைவதில்லை.

தொலைவது தேதி வரிசை. என்றைக்கு ஏறியது, என்றைக்கு இறங்கியது என்று அறிய, கிடைக்கோட்டில் நாள்களை வைத்துப் புள்ளியிட்டு இணையுங்கள். வகுப்பில் தினமும் எத்தனை பேர் வரவில்லை என்பது போல ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், எண்கோட்டின் மேல் புள்ளிகளை அடுக்கினாலே போதும். வட்டக் குறிவரைவை இதற்கெல்லாம் இழுக்காதீர்கள். அது பங்கு காட்டத்தான் லாயக்கு.

இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டுமானால், பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் செராஸ் நிலையத்தின் அளவை எடுத்துத் தண்டின் இடப்பக்கத்திலும் கிள்ளான் அளவை வலப்பக்கத்திலும் எழுதலாம். கீழே நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் மறக்காமல் குறியுங்கள்.