தெய்வக் குடும்பத்தில் ஊடல்



தைப்பூசத்தின்போது மேருவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் உங்களுள் பலர் பெற்றோருடன் பத்துமலைக்குச் சென்று வருகிறீர்கள். 2006-ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பெற்ற 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, 272 படிகளை ஏறுகிறீர்கள். முருகன் ஏன் வீட்டை விட்டு மலைக்குச் சென்றான் என்று வினவினால், "மாம்பழத்திற்காகக் கோபித்துக்கொண்டு போனார்" என்று உடனே விடை கூறுவீர்கள். கதை அனைவரும் அறிந்ததே. அதில் நியாயம் யார் பக்கம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாரதர் கொணர்ந்த பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர். உலகை முதலில் வலம் வருபவருக்கே பழம் என்று சிவபெருமான் அறிவித்தார். முருகன் மயிலேறிப் பறந்தான். விநாயகரோ தாய் தந்தையரை வலம் வந்து, அவர்களே தமக்கு உலகம் என்று கூறிப் பழத்தைப் பெற்றார். நாம் விநாயகரின் அறிவுக்கூர்மையைப் புகழ்ந்து, கதையை அத்துடன் முடித்துவிடுவது வழக்கம்.

முருகனின் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். தந்தை சொன்ன சொல்லை நம்பிக் கடலும் மலையும் கடந்து வந்தவன் அவன். வந்து பார்த்தால் பழம் இல்லை! உலகம் என்னும் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று அவனிடம் ஒருவரும் முன்னரே கூறவில்லை. விநாயகர் தவறு செய்யவில்லை; முருகனும் பிழை செய்யவில்லை. ஆயினும் பிணக்கு வந்துவிட்டது. ஒரே பழத்தைக் காட்டி இரு பிள்ளைகளுக்குப் போட்டி வைத்த பெற்றோரையன்றோ கேட்க வேண்டும்!

சினங்கொண்ட முருகன் பழனிக் குன்றில் ஆண்டிக் கோலத்தில் நின்றான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து வர எவரும் முயலவில்லை. அம்மையும் அப்பனும் அவன் இருக்குமிடம் தேடிச் சென்று, பழம் நீயே என்று தேற்றினர். 'பழம் நீ' என்பதே பழனி ஆயிற்று என்பர். அகநானூறு கூறும் 'பொதினி' என்னும் பழம்பெயரே பழனி என மருவிற்று என்பது அறிஞர் கருத்து. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் ஔவையார் பாடி முருகனைத் தேற்றும் காட்சியை உங்கள் பாட்டி தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், மகிழ்ந்து சொல்வார்கள். பத்துமலையில் முருகன் கையில் நீங்கள் காணும் வேலும் தாய் அளித்ததேயாகும்.

பிள்ளைக்கு மட்டுமா கோபம் வந்தது? பெற்றோருக்கு இடையிலும் வந்ததுண்டு. பிருங்கி என்னும் முனிவர் சிவபெருமானை மட்டுமே வணங்குவார். அருகிலிருக்கும் உமையம்மையை வணங்கமாட்டார். அம்மை இறைவனின் உடலில் பாதியாகியபோதும், முனிவர் வண்டு வடிவெடுத்து நடுவே துளைத்து, இறைவனின் பாதியை மட்டும் வலம் வந்தாராம். சினந்த அம்மை அவர் உடலின் வலிமையைப் பறித்தாள். தள்ளாடி விழப்போன முனிவருக்கு இறைவன் மூன்றாவது கால் ஒன்றைத் தந்து தாங்கினார். தன்னை மதியாதவருக்குக் கணவரே துணை நின்றால் அம்மைக்கு மனம் வருந்தாதா?

இந்த வருத்தத்தைத் தமிழர் சண்டை என்னாமல் ஊடல் என்றனர். அன்புடையார் இடையே தோன்றும் சிறு கோபமே ஊடல். திருக்குறளின் இறுதி அதிகாரத்தின் பெயரும் 'ஊடலுவகை' என்பதே.

தமிழ்நாட்டில் திருவண்ணாமலையில் இவ்வூடலை ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று விழாவாகவே நடத்துகின்றனர். அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் வீதியில் எதிரெதிரே நின்று ஊடுகின்றனர். பின்பு அம்மன் தனியே கோயிலுக்குள் சென்றுவிட, கதவு அடைக்கப்படுகிறது. வெளியே நிற்கும் அண்ணாமலையார் எங்கே போவார்? அன்றிரவு அவர் தங்குவது குமரக் கோயிலில். அதாவது, முன்னொரு நாள் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகனிடத்தில்! மறுநாள் மலையை வலம் வந்து, பிருங்கி முனிவருக்கும் காட்சி தந்த பின்னரே அவர் கோயில் திரும்புகிறார். அங்கே மறுவூடல் நிகழ்ந்து, ஊடல் தீர்ந்து, இருவரும் ஒன்றாகின்றனர். அவர்கள் ஊடி நின்ற வீதிக்குத் திருவூடல் தெரு என்றே பெயர்.